மைனிக்கு விளைந்தது

எங்கள் ஊர் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை அன்று, ஆராதனை முடிந்ததும் வாசல் பந்தலில் ஏலம் நடக்கும். அவரவர் மண்ணில் விளைந்ததில் முதல் பலனைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்போம். ஏத்தன் வாழைக்குலை, சேனைக்கிழங்கு, மரச்சீனிக்கிழங்கு, பலாச்சக்கை, நல்லமிளகு, கால் கட்டிய கோழி, ஒரு கிடா என்று மேஜை நிறைந்து தரைக்கும் இறங்கிவிடும். அவற்றின் நடுவில், சேனைக்கிழங்கின் மண் ஒட்டாதபடி ஒரு வாழையிலைத் துண்டின் மேல், வருஷாவருஷம் ஒரு புத்தகம் இருக்கும். அது எங்கள் மைனி வைத்தது.

மைனி என்றால் என் அண்ணன் மனைவி. பெயர் சொல்லிக் கூப்பிட்ட பழக்கமில்லை, அதனால் இங்கேயும் மைனி என்றே எழுதுகிறேன். நான் படித்தவனல்ல. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ரப்பர் பால் வெட்டப் போனவன். காலையும் மாலையும் குடும்ப ஜெபம், அதில் ஒரு அதிகாரம் வேத வாசிப்பு. எழுத்தோடு எனக்குள்ள உறவு அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் இப்படி உட்கார்ந்து எழுதக்கூடிய ஆள் மைனி ஒருவர்தான். அவரைப் பற்றியே எழுத வேண்டிவந்ததால் என் கைக்கு வந்திருக்கிறது.

கல்யாணமாகி அவர் வந்தபோது பாத்திர பண்டங்களோடு ஒரு தகரப் பெட்டியும் வேனிலிருந்து இறங்கியது. அண்ணன் ஒரு கையால் தூக்கப் பார்த்து முடியாமல் கீழே வைத்தார்.

"இதுல என்னட்டி இருக்கு? அம்மிக்கல்லா?"

மைனி பெட்டியைத் திறந்து காட்டினார். எல்லாம் புத்தகம். நானும் எட்டிப் பார்த்தேன். மேலே ஒரு துப்பறியும் கதை. அதன் கீழே கோழி வளர்ப்பு. அதற்கும் கீழே கவிதை, யாரோ ஒருவர் மலை ஏறிய கதை, அட்டை கிழிந்த நாடகம், நர்சுமார் படிக்கிற பேறுகாலப் பாடப்புத்தகம், ராஜாக்கள் காலத்துச் சண்டைகளைப் பற்றி ஒன்று. ஒரே ஆள் இவற்றையெல்லாம் வாசிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒன்றாகக் கொண்டுவந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"வீட்டுல தீப்பிடிச்சா நீ மொதல்ல இந்தப் பெட்டியத்தான் தூக்குவ," என்றார் அண்ணன்.

"இல்ல, ஒங்களத்தான் தூக்குவேன். கனமான சாமான மொதல்ல வெளிய எடுக்கணும்லா?"

வந்த அன்றைக்கே இப்படிப் பேசிய பெண்ணை எங்கள் வீடு அதுவரை கண்டதில்லை. அண்ணன் சிரித்த சிரிப்பு ரோட்டுக்குக் கேட்டது. அவருக்குப் பெரிய தொண்டை. ஆலயத்தில் ஏலம் விடுகிறவர் அவர்தான்.

மைனிக்கு இந்த வகை, அந்த வகை என்று கிடையாது. நாகர்கோவிலுக்கு ஆஸ்பத்திரிக்கோ துணி எடுக்கவோ போனால், திரும்பும்போது பழைய புத்தகம் எடைக்குப் போடுகிற கடையில் இறங்காமல் வரமாட்டார். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் பெட்டி பிரிக்கும் வீட்டில், மற்றவர்கள் சென்ட் பாட்டிலையும் சோப்பையும் பார்ப்பார்கள். இவர், "வாசிச்சிட்டுப் போட்டது ஏதாவது கெடக்கா மக்கா?" என்று கேட்பார். ஒன்றை முடித்ததும் அடுத்தது அதே மாதிரி இருக்கக்கூடாது. கொலைக் கதை முடிந்தால் மிஷனெரி ஒருவரின் சரித்திரம். அது முடிந்தால் தென்னைக்கு உரம் வைப்பது எப்படி. அதன் பிறகு காதல் கதை.

"இது என்ன மைனி, தலையும் இல்ல வாலும் இல்ல?" என்று கேட்டேன்.

"தினமும் ஒரே கூட்டான் வச்சா தின்பியளா? மூணாம் நாளு சட்டியத் தூக்கி எறிய மாட்டியளா? அது மாதிரிதான்."

எனக்கு அந்தக் கொலைக் கதைகளைப் பற்றி மனக்கலக்கம் இருந்தது. விசுவாசி வீட்டில் அப்படிப்பட்ட அட்டைப் படம் கிடக்கலாமா என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன். மைனி கோபப்படவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, இதுல கொல செஞ்சவன் ஒருத்தன்கூடத் தப்பிச்சது கெடையாது. என்ன ஒளிச்சாலும் கடைசியில வெளிச்சத்துக்கு வந்திருது. நம்ம ஐயர் பிரசங்கத்துலயும் இதத்தானே சொல்லுதாவ? இதுல கொஞ்சம் வேகமாச் சொல்லுதான், அவ்வளவுதான்."

ஐயர் என்று நாங்கள் சொல்வது போதகரை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐயர் பிரசங்கத்தில் மூன்றாவது குறிப்புக்குப் போனபோது, பெண்கள் பக்கத்திலிருந்து மைனி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு வந்துவிடும் என்று பயம்.

ஒருமுறை கடலைப் பற்றி ஒரு புத்தகம் வாசித்தார். நிலா நிறைந்து நிற்கிற நாட்களில் சில மீன்கள் வலையில் குறைவாக விழும் என்று அதில் இருந்ததாம். அது நிஜமா என்று கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது போலிருந்தது. என் மனைவியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு இனயம் கடற்கரைக்குப் பஸ் ஏறிவிட்டார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் போய் நின்று, புத்தகத்தை விரித்து வாசித்தே காட்டினாராம்.

"அக்கா, மீன் வாங்க வந்தியளா, பாடம் எடுக்க வந்தியளா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

"இதுல எழுதியிருக்கது சரியா, தப்பா? அத மட்டும் சொல்லுங்க."

"சரிதான். எழுதினவன் எனக்க வள்ளத்துல வந்திருப்பான். ஆனா கூலி தராமப் போயிட்டான்."

மைனி அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தார். மீன் வாங்க மறந்துவிட்டார்கள். கடலுக்குப் போய் மீன் இல்லாமல் வந்த கதையை என் மனைவி இன்றும் சொல்வாள்.

அந்தச் சந்தோஷம் எதற்காக என்று அப்போது எனக்குப் புரியவில்லை. புத்தகத்தில் உள்ளதைப் பற்றி ஒரு மனிதர் அவரோடு எதிர்வார்த்தை பேசினாரே, அதற்காகத்தான். வீட்டில் அது கிடைக்கவில்லை. அண்ணனுக்கு மைனி மேல் உயிர். ஆனால் வேதத்தை விட்டால், உர மூட்டையின் மேல் எழுதியிருப்பதும் தினசரிக் காலண்டரும்தான் அவர் வாசிப்பவை. என் மனைவி காது கொடுத்துக் கேட்பாள், பாதியில் தூங்கிவிடுவாள். கதை நல்ல இடத்துக்கு வரும்போது மைனியும் நிறுத்திக்கொள்வார்.

"பொறவு என்னாச்சு மைனி?" என்பாள் என் மனைவி.

"பொறவு உள்ளத நீ வாசி."

"எனக்கு எங்க நேரம்?"

"அப்போ எனக்கும் சொல்ல நேரம் இல்ல."

முடிவை மட்டும் யாருக்கும் சொல்லவே மாட்டார். முடிவைத் தெரிந்துகொள்ளவாவது ஒருத்தர் புத்தகத்தைக் கையில் எடுக்க மாட்டார்களா என்கிற ஆசை. நாங்கள் முடிவு இல்லாமலேயே இருக்கப் பழகிக்கொண்டோம்.

ஏலத்துக்குப் புத்தகம் வந்தது காற்று அடித்த வருஷத்தில். அண்ணனின் வாழைத்தோட்டத்தில் ஒரு மூடு வாழைகூட நிற்கவில்லை. என் ரப்பர் மரங்கள் பாதியில் முறிந்து கிடந்தன. பண்டிகைக்கு வெறுங்கையோடு போக வேண்டுமே என்று அண்ணன் குமைந்துகொண்டிருந்தார். கடையில் ஒரு குலை வாங்கி வைக்கலாம் என்றேன். "வாங்கி வச்சா அது எப்பிடிலே முதல் பலன் ஆவும்?" என்று என் மேல் சாடினார். மைனி உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்தார்.

"இந்த வருஷம் எனக்கு வெளஞ்சது இதுதான். இதக் கொண்டுபோவோம்."

அண்ணனுக்குக் கூச்சம். இருந்தாலும் ஸ்டூலில் ஏறி நின்றதும் தொண்டை திறந்துவிட்டது. புத்தகத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்தார்.

"கோழி வளத்தவிய கோழி வச்சிருக்காவ! வாழ வச்சவிய வாழ வச்சிருக்காவ! எனக்க வீட்டுக்காரி பொஸ்தவம் வளக்குதா! யாரு கேக்குதியோ?"

பந்தலே சிரித்தது. சிரித்தபடியே கேட்கத் தொடங்கினார்கள். எங்கள் நஷ்டம் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் நல்ல தொகைக்கு எடுத்தார். எடுத்ததும், "திரும்ப விடுதேன்!" என்று சத்தமாகச் சொன்னார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏலத்தில் எடுத்த பொருளை, பணம் கொடுத்த பிறகும் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் ஆலயத்துக்கே மறுபடி விட்டுக்கொடுப்பது எங்களிடம் பெரிய மரியாதை. ஏத்தன்குலையையும் கோழியையும் கொண்டுபோவோம். அவை தின்கிற பொருள். ஆனால் கைக்குழந்தையின் பேரில் வைத்த ஒற்றை முட்டை, கைம்பெண் ஒருத்தி வைத்த எலுமிச்சம்பழம், இவற்றை எடுக்கிறவர் கொண்டுபோக மாட்டார். திரும்ப விடுவார். இன்னொருவர் எடுப்பார், அவரும் விடுவார். வைத்தவரை எவ்வளவுக்கு மதிக்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பொருள் சுற்றும். மைனியின் புத்தகம் அன்று பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்தது. கிடாயைவிட அதிகக் காணிக்கை அதற்குத்தான் விழுந்தது. அண்ணனின் முகத்தில் காற்று கொண்டுபோனதெல்லாம் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மைனி கேட்டார்.

"கடைசியில யாரு கொண்டுபோனாவ?"

"யாரு கொண்டு போவா? எல்லாரும் திரும்ப விட்டுட்டாவட்டி! கெடாய ஜெயிச்சிட்டுது ஒனக்க பொஸ்தவம்!"

"இப்போ எங்க இருக்கு?"

"கோயில் பீரோவுக்குள்ள."

மைனி, "செரி" என்றார். கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் வாழை நன்றாகக் குலைத்தது. அண்ணன் குலை வைத்தார். மைனி தனியாகப் புத்தகமும் வைத்தார். அதற்குப் பிறகு ஒரு பண்டிகையும் தவறவில்லை. வருஷம் முழுவதும் வாசித்தவற்றில் எது மிகவும் பிடித்ததோ அதைத்தான் வைப்பார். அவருடைய மகள் குவைத்திலிருந்து அனுப்பிய புதுப் புத்தகமானாலும் வைத்துவிடுவார். ஒரு வருஷம் பறவைகள், ஒரு வருஷம் நாடகம், இன்னொரு வருஷம் சிரிப்புக் கதைகள். வைப்பதற்கு முன்னால் மறுபடியும் முழுதாக ஒருமுறை வாசிப்பார். பயணம் போகிற பிள்ளைக்குத் தலை வாரிவிடுவதுபோல் இருக்கும்.

"இந்த வருஷம் யார மனசுல வச்சு எடுத்திருக்கிய மைனி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"யாரு எடுத்தாலும் கொள்ளாம், செரிதான். எடுத்து வாசிச்சிட்டு, எனக்க படியேறி வந்து, 'இது என்ன, இவன் இப்பிடி எழுதி வச்சிருக்கான், கொஞ்சமாவது நியாயம் உண்டா'ன்னு ஒருக்கா எனக்கிட்டச் சண்ட போடணும். அதுக்குத்தான் வைக்கேன்."

அதைக் கேட்டுக்கொண்டு போன நானே அந்த வருஷம் என்ன செய்தேன்? ரப்பர் தோட்டத்தில் நான் வைத்திருந்த தேன் பெட்டிகளில் நல்ல வரவு இருந்தது. மைனியின் புத்தகத்தை நானே எடுத்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் மனைவியின் காணிக்கையை நான் வீட்டுக்குக் கொண்டுபோனால் நன்றாகவா இருக்கும்? "திரும்ப விடுதேன்" என்று எழுந்து நின்று சொன்னேன். மைனிக்குப் பெருமை செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். எங்கள் சபையில் யார் என் இடத்தில் இருந்தாலும் அதையே செய்திருப்பார்கள்.

அன்று சாயங்காலம் பக்கத்திலேயே இருந்த எங்கள் வீட்டுக்கு வந்த மைனி, வாசலில் சாத்தியிருந்த ஏத்தன்குலையைப் பார்த்தார். அதுவும் நான் ஏலத்தில் எடுத்ததுதான்.

"தம்பி, குலைய மட்டும் திரும்ப விடல்லியா?"

"அது பழுத்துப் போவும்லா மைனி."

"ஓ," என்றார். "பொஸ்தவம் பழுக்காது."

அண்ணனிடமும் ஒருமுறை கேட்டுப் பார்த்திருக்கிறார். இந்தப் பொருளைத் திரும்ப விடக்கூடாது, எடுத்தவர் கொண்டுபோக வேண்டும் என்று ஏலத்தில் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று. அண்ணன் பதறிவிட்டார். "கோயிலுக்கு வாற காணிக்கையக் கொறைக்கச் சொல்லுதியா?" மைனி அதோடு விட்டுவிட்டார். அவரும் தேவபயம் உள்ளவர்தான்.

பிறகு ஒரு வருஷம், மைனிக்கு இருதயத்தில் கோளாறு என்று நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டிலிலும் புத்தகம். பனிக்கடலில் ஒரு கப்பல் மாட்டிக்கொண்ட கதை. துணைக்கு இருந்த என் மனைவியிடம் கொஞ்சம் சொல்லியிருக்கிறார். கப்பலை விட்டு இறங்கி நடப்பதா, அங்கேயே இருப்பதா என்று ஆட்களுக்குள் தர்க்கம்.

"பொறவு மைனி?"

"நீ வாசி."

"எனக்கு இப்போ கண்ணு பத்தாது மைனி."

மைனி அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வாசிப்பைத் தொடர்ந்தாராம். அந்தப் புத்தகத்தைத்தான் அந்த வருஷப் பண்டிகைக்கு வைத்தார். படியேற முடியாமல் பந்தல் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் கூவினார். அவர் நோயாளி என்று எல்லோருக்கும் தெரியுமாதலால், முன்னெப்போதையும்விட அதிகம் பேர் எடுத்தார்கள், அதிகம் பேர் திரும்ப விட்டார்கள். ஒவ்வொருவரும் எடுத்ததும் மைனியைப் பார்த்துக் கைகூப்பினார்கள். மைனியும் கைகூப்பினார். ஒவ்வொரு முறையும் அவர் கண் அந்தப் புத்தகம் போன கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அது மேஜைக்கே திரும்பியது.

அடுத்த மழைக்காலத்தில் மைனி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையில் அவருடைய தயவைப் பற்றியும் விருந்தோம்பலைப் பற்றியும் பேசினார்கள். எல்லாம் உண்மைதான்.

இந்த வருஷம் பண்டிகைக்கு முன்னால் ஆலயத்துக்கு வெள்ளை அடித்தோம். சாமான்களை வெளியே எடுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். பழைய பீரோவைத் திறந்தால் உள்ளே செதல் அரித்துக் கிடந்தது. பறவைப் புத்தகத்தைத் தொட்டேன், மாவாகக் கொட்டியது. நாடகத்துக்கு அட்டை மட்டும் இருந்தது. நான் எடுத்துத் திரும்ப விட்ட புத்தகம் எது என்று தேடினேன். அடையாளம் தெரியவில்லை. அது எதைப் பற்றியது என்பதுகூட எனக்கு ஞாபகம் இல்லை. அதன் தலைப்பையாவது அன்றைக்குப் பார்த்தேனா? மேல் தட்டில் அந்தக் கப்பல் புத்தகம் மட்டும் சேதமில்லாமல் இருந்தது. துண்டால் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பண்டிகை அன்று, மைனி வைப்பதுபோலவே வாழையிலைத் துண்டு போட்டு, சேனைக்கிழங்குக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அண்ணனுக்கு வயதாகிவிட்டது. ஆனாலும் ஏலத்துக்கு அவர்தான். இப்போது ஸ்டூலில் ஏறுவதில்லை. சேனைக்கிழங்கை விற்று முடித்துக் கையை நீட்டியவர், கையில் வந்தது என்னவென்று பார்த்தார். கூவவில்லை. முன்னால் இருந்த ஒருவர் பழக்கத்தில் தொகை சொன்னார்.

"இருடே," என்றார் அண்ணன்.

கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். இத்தனை வருஷமும் மைனியின் புத்தகங்களை எங்கள் சபையில் அதிக நேரம் கையில் பிடித்திருந்தவர் அவர்தான். ஒன்றையும் விரித்ததில்லை. அன்று விரித்தார். முதல் பக்கத்தை வாசிக்கத் தொடங்கினார், அதே ஏலத் தொண்டையில். காலையில் விழித்துப் பார்த்தால் கடலைக் காணவில்லை, கப்பலைச் சுற்றி வெள்ளையாகக் கட்டிப்போய்க் கிடக்கிறது, எல்லோரும் திகைத்து நிற்கிறார்கள், சமையல்காரன் மட்டும் எப்போதும்போல அடுப்பு மூட்டுகிறான். பந்தலில் கோழி ஒன்றுதான் கொக்கரித்துக்கொண்டிருந்தது. பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சட்டைப் பையில் இருந்ததை எண்ணாமல் எடுத்துக் காணிக்கைத் தட்டில் போட்டார்.

"இது நான் எடுத்தாச்சு. திரும்ப விடல்ல."

அடுத்து அந்தக் கோழியைத் தூக்கினார்.

பண்டிகை கழிந்து ஒரு சாயங்காலம். எங்கள் குடும்ப ஜெபத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அண்ணன் வந்தார். கையில் புத்தகம், நடுவில் ஒரு விரல். செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்றார். முகம் சிவந்திருந்தது.

"லே மக்கா, இவன் என்ன இப்பிடி எழுதி வச்சிருக்கான்?"

"எவன் அண்ணா?"

"பொஸ்தவம் எழுதினவன்தாம்லே. அந்தச் சமையக்காரன விட்டுட்டுப் போறானுவ. அம்புட்டுப் பேருக்கும் பொங்கிப் போட்டவன அந்தப் பனிக்குள்ள விட்டுட்டு நடக்கானுவ. கொஞ்சமாவது நியாயம் உண்டா?"

"எனக்கு என்ன தெரியும் அண்ணா? நான் வாசிக்கல்லியே."

"நீ வாசிக்கல்ல," என்றார். புத்தகத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே இன்னும் விளக்குப் போடவில்லை.

"அவ இருந்திருந்தா இப்போ ஒரு சண்ட போட்டிருப்பேன்லே."

மைனி கேட்டிருந்த சண்டை அதுதான். அது எங்கள் வீட்டுப் படியில் வந்து நின்றது.